வாக்கும் வாசிப்பும்

எழுதுகிறவன் எக்காலத்திலும் வாசகனைத் தேடியே அலைந்திருக்கிறான். சங்க காலத்துப் பாணனாயினும் சரி, சென்ற நூற்றாண்டுச் சிறு சஞ்சிகைக்காரனாயினும் சரி, தன் சொல்லைக் கேட்டு ஒப்பவோ மறுக்கவோ ஓர் உயிர் எதிரே இருத்தல் வேண்டும் என்னும் ஏக்கம் அவனை விட்டு நீங்கியதில்லை. அந்த ஏக்கத்துக்கு இக்காலம் ஒரு புது மருந்து கண்டிருக்கிறது. எதிரே உயிர் இருக்கிறதா என்று தேட வேண்டாம், எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள் என்கிறது அது. எத்தனை பேர் பார்த்தனர், எத்தனை பேர் வாக்களித்தனர், அவ்வாக்குகளின் பெறுமதி எத்தனை காசு என்பதெல்லாம் எழுதி முடித்த சில கணத்துள் திரையில் வந்து நிற்கின்றன.

இதைப் பற்றி எழுதவேண்டும் என்று என்னைத் தூண்டியது பல்லேபொலவிலிருந்து வந்த ஒரு கடிதம். மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளுள் பல்லேபொலவும் ஒன்று. சிங்கள மக்களே பெரும்பான்மையினராக வாழும் அப்பகுதியில் தமிழில் எழுதும் ஓர் இளைஞனுக்கு வாசகர் எத்தனை பேர் வாய்ப்பர் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. கடிதம் எழுதியவர் ஓர் ஆசிரியர். அவரிடம் பயின்ற மாணவன் ஒருவன், நல்ல உரைநடை கைவரப்பெற்றவன், இரண்டு ஆண்டுகளாகப் பிளாக்செயின் என்னும் முறையில் இயங்கும் ஒரு சமூகத் தளத்தில் எழுதி வருகிறான். தொடக்கத்தில் மிளகுக் கொடியையும், வயலையும், தன் பாட்டியின் பேச்சையும் எழுதியவன், இன்று நாளொன்றுக்கு நான்கு பதிவு எழுதுகிறான். அவற்றுள் ஒன்றிலும் பல்லேபொல இல்லை. ஒருவருக்கொருவர் வாக்களித்துக்கொள்ளும் குழுவொன்றில் சேர்ந்திருக்கிறான். "அருமையான பதிவு" என்று அவனுக்கு நாற்பது பேர் எழுதுகின்றனர். அவனும் நாற்பது பேருக்கு அதையே எழுதுகிறான். கண்டித்த ஆசிரியருக்கு அவன் சொன்ன விடை இது: "சேர், அங்கே ஆசிரியர் பீடம் இல்லை, முதலாளி இல்லை. என் எழுத்தை எவரும் குப்பைக் கூடையில் போட முடியாது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை எல்லோரும் பார்க்கலாம். உங்கள் பத்திரிகை உலகில் இவ்வளவு நேர்மை உண்டா?"

அவனைத் தடுப்பதா, விடுவதா என்பது ஆசிரியரின் கேள்வி. மாணவனின் கேள்வியோ எம்மை நோக்கியது. பத்திரிகைப் பக்கமொன்றைப் பொறுப்பேற்று நடத்துகிறவன் அதற்கு முகம் கொடுக்காமல் உபதேசம் செய்யப் புகுவது முறையன்று.

முதலில் அந்த அமைப்பின் இயல்பை அறிந்துகொள்வோம். ஒரு கம்பனியின் கணினியில் மட்டும் இருக்கும் பதிவேட்டுக்குப் பதிலாக, ஒரே பதிவேட்டின் பிரதிகளைப் பலர் தத்தம் கணினியில் வைத்திருப்பர். ஒவ்வொரு புதுப் பதிவும் முன்னைய பதிவோடு கணித முறையால் பிணைக்கப்படுவதால், ஒருவர் தம் பிரதியை மட்டும் திருத்தினால் ஏனையோர் அதனை உடனே கண்டுகொள்வர். பிளாக்செயின் என்பது இதுவே. இம்முறையில் எழுத்துக்குப் பரிசளிக்க எழுந்த தளங்களுள் பெயர் பெற்றது ஸ்டீமிட். 2016 ஆம் ஆண்டில் நெட் ஸ்காட், டேன் லாரிமர் என்னும் இருவர் அதனைத் தொடங்கினர். தளம் தானே புதிது புதிதாக நாணயத்தை ஆக்கும். எழுதியவர்க்கும் வாக்களித்தவர்க்கும் அதனைப் பகிர்ந்தளிக்கும். ஒரு பதிவுக்கு ஏழு நாள் வரை விழும் வாக்குகள் அதன் கூலியைத் தீர்மானிக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அங்கே ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதில்லை. எவர் எவ்வளவு நாணயத்தை அமைப்பினுள் பூட்டி வைத்திருக்கிறாரோ, அவ்வளவு பாரம் அவர் வாக்குக்கு. 2017 ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை இருந்த விதிப்படி, ஒரு பதிவுக்கு விழும் வாக்குப் பாரம் பத்து மடங்கானால், அதன் பரிசுக்குரிய பங்கு ஏறத்தாழ நூறு மடங்காகும். பெருஞ்செல்வர் ஒருவர் போகிற போக்கில் இட்ட வாக்கு, ஆயிரம் ஏழை வாசகர் நெஞ்சாரப் படித்து இட்ட வாக்குகளைக் காற்றில் பறக்கச் செய்யும்.

ஆயினும் இந்தப் பரவலாக்கத்தின் பின்னே உள்ள ஆசையை நான் இகழமாட்டேன். அதற்கு நியாயம் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, வெறுப்பைப் பரப்பும் செய்திகள் முகநூலில் தடையின்றி ஓடின. அரசாங்கம் சமூகத் தளங்களைச் சில நாள் முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரியது. வெறுப்பு பரவும்போது கதவடைக்காத கம்பனியும், ஒரே ஆணையில் எல்லோர் வாயையும் அடைக்கவல்ல அரசாங்கமும் ஆகிய இரண்டையும் ஒரே கிழமையில் கண்ட மக்கள், எவர் கையிலும் முழுச் சாவியும் இல்லாத ஓர் இடத்தை நாடுவது இயற்கை.

பிரதிகள் பல இடத்தில் இருத்தலின் பெருமையை மாத்தளை மண்ணுக்குப் புதிதாகக் கற்பிக்கவும் வேண்டியதில்லை. வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் அலுவிகாரையிலேயே ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையின் ஏட்டுச் செல்வம் பெரிதும் அழிந்தது. திரிபிடகம் அழியவில்லை. இலங்கையின் பிற விகாரைகளிலும், பர்மாவிலும், சீயத்திலும் பிரதிகள் இருந்தன. ஆனால் பிரதிகள் மட்டுமா அதனைக் காத்தன? அவற்றைத் தலைமுறை தலைமுறையாக ஓதினர், ஒப்பு நோக்கினர், பிழை கண்டனர், உரை வகுத்தனர். ஏட்டின் எண்ணிக்கை நூலைக் காக்கும். படிப்பவனின் உழைப்பே அதற்கு உயிர் கொடுக்கும். பிளாக்செயின் முன்னதைச் செய்யவல்லது. பின்னதை அது செய்வதில்லை. மாணவனின் வாதத்தில் உள்ள முதற் பிசகு இங்கேதான் இருக்கிறது. தன் எழுத்து அழியாது என்பதை, அது படிக்கப்படுகிறது என்பதாக அவன் எடுத்துக்கொண்டான்.

படிக்கப்பட்டதா என்பதை ஆராய்ந்தவர் உண்டு. சாவோ லீ, பாலாஜி பழனிசாமி என்னும் ஆய்வாளர் இருவர் 2019 ஆம் ஆண்டில் ஸ்டீமிட் பற்றி வெளியிட்ட ஆய்வில், அத்தளத்தில் நடந்த நாணய மாற்றங்களுள் 16 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இயந்திரங்கள் என்று ஐயுறத்தக்க கணக்குகளுக்கே சென்றன என்று கண்டனர். அதாவது, எழுதியவர் காசு கொடுப்பார், இயந்திரம் வாக்களிக்கும், அவ்வாக்கினால் பதிவு முன்வரிசைக்கு ஏறும். கண்ணில்லாத வாசகன், காசுக்குத் தலையசைக்கும் இரசிகன்! இவையெல்லாம் எவர் பார்வைக்கும் திறந்த பதிவேட்டில் பட்டப்பகலில் நடந்தன என்பதை மறத்தலாகாது. எல்லோரும் பார்க்கக்கூடியது என்பதனால் ஒரு செயல் நேர்மையாகிவிடாது. சந்தை நடுவே நிறுத்தப் படி வைத்துக் களவாக நிறுத்தாலும் களவு களவுதான்.

2019 ஆகஸ்டில் விதியை மாற்றினர். எழுதியவருக்கு முக்கால், வாக்களித்தவருக்குக் கால் என்றிருந்த பங்கைப் பாதிக்குப் பாதியாக்கினர். நல்ல எழுத்தைத் தேடிப் படிப்பவனுக்கு ஊக்கம் பிறக்கும் என்பது எண்ணம். எண்ணம் நல்லதே. ஆயினும் கூலியைக் கூட்டினால் வாக்குப் பெருகும். வாசிப்புப் பெருகும் என்பதற்கு உத்தரவாதம் ஏது? படிக்காமலே வாக்களிக்க முடியும் வரை, படித்து வாக்களிப்பவன் நேரத்தை இழந்தவனாகவே கணக்கில் நிற்பான்.

அடுத்த ஆண்டு நடந்தது இதனினும் பெரிது. 2020 பெப்ரவரியில் டிரான் என்னும் நாணயத்தை நிறுவிய ஜஸ்டின் சன், ஸ்டீமிட் கம்பனியை விலைக்கு வாங்கினார். மொத்த நாணயத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அக்கம்பனியிடம் இருந்தது. அப்பங்கு ஆட்சிக்கு வாக்களிக்கப் பயன்படாது என்ற நம்பிக்கை ஆட்டங்காணவே, அமைப்பை நடத்திய சாட்சிகள் எனப்படுவோர் அதனை முடக்கினர். மார்ச் தொடக்கத்தில் பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய நாணயச் சந்தைகள், வாடிக்கையாளர் தம்மிடம் ஒப்படைத்திருந்த நாணயத்தைக் கொண்டே வாக்களித்தன. முதல் 20 சாட்சிகளும் ஒரே மூச்சில் பதவியிழந்தனர். எதிர்ப்பு எழுந்ததும் பைனான்ஸும் ஹுவோபியும் தம் வாக்கை மீட்டுக்கொண்டன. முதலாளி இல்லாத ஊர் என்று சொல்லப்பட்ட ஊரை விலைக்கு வாங்க முடியும் என்பது அன்று வெளிப்பட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2020 மார்ச் 20 ஆம் நாள், அத்தளத்து மக்களுள் பலர் பதிவேட்டை அப்படியே பிரதி செய்துகொண்டு வெளியேறி, ஹைவ் என்னும் புதுத் தளத்தை எழுப்பினர். கம்பனியின் பங்கையும், அதன் பக்கம் நின்ற சில கணக்குகளின் பங்கையும் பழைய இடத்திலேயே விட்டுச் சென்றனர். அவ்வாறு விட்டது நியாயமா என்று வாதிட இடமுண்டு. எனினும் நான் கவனிப்பது வேறொன்று. நான்கு ஆண்டுகளாக வாக்குக்கும் காசுக்கும் நடுவே வாழ்ந்த அக்கூட்டத்தில், ஒருவரையொருவர் உண்மையாகவே அறிந்த மனிதர் சிலரும் இருந்திருக்கின்றனர். நெருக்கடி வந்தபோது கூடி நின்றவர் அவர்களே. இயந்திர வாக்குகள் ஒரு கூட்டத்தை வீடு மாற்ற மாட்டா. ஆகவே, இத்தகைய தளத்தில் மெய்யுறவே இல்லை என்று கூறுவது பொய்யாகும். மெய்யுறவு உண்டு, அதை அளக்கும் கோல்தான் அங்கே இல்லை.

செல்வாக்காளர் என்று இன்று பெயர் பெற்றிருப்போரின் நிலையும் இத்தகையதே. இளைஞர் அவர்களை இன்ஃபுளுவென்சர் என்பர். 2023 ஆகஸ்டில் தோன்றிய பிரெண்ட்.டெக் என்னும் தளம், புகழுடையோருடன் தனியறையில் உரையாடும் உரிமையைச் 'சாவி' என்ற பெயரில் விற்றது. ஒவ்வொருவர் வாங்குந்தோறும் அடுத்த சாவியின் விலை ஏறும், விற்றால் இறங்கும், ஒவ்வொரு மாற்றத்திலும் அப்புகழாளருக்கு ஒரு பங்கு உண்டு. உரையாட வந்தவரினும் விலையேற்றத்தை நம்பி வந்தவரே அங்கு மிகுந்தனர். விலை விழுந்ததும் கூட்டம் கலைந்தது. 2024 செப்டெம்பரில் அதனை ஆக்கியோர் தம் கட்டுப்பாட்டைத் துறந்து விலகினர். நட்பின் பெயரைத் தாங்கிய கடை ஓராண்டுக்குச் சிறிது மேல்தான் நின்றது.

இது நமக்கு அந்நியமான தொழில் என்று எண்ணவேண்டாம். மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில் உள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களை அறியாதார் யார்? பயணியை அழைத்து வரும் சாரதிக்கு விற்பனையில் தரகு கொடுக்கும் வழக்கம் அவ்வீதியில் உண்டு. மிளகும் கறுவாவும் நல்லவையாகவே இருக்கலாம். ஆனால், "இந்தத் தோட்டமே சிறந்தது" என்ற சாரதியின் வாக்கு, பயணிக்குத் தெரியாத ஒரு பங்கைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறது. செல்வாக்காளரின் புகழுரையும் அத்தகைய சாரதியின் வாக்கே.

இனி, மாணவன் எம்மை நோக்கி விடுத்த கேள்விக்கு வருவோம். நம் எழுத்துலகில் பாரமிட்ட வாக்கு இல்லையா? ஏதாவதொரு நூல் வெளியீட்டு விழாவை எண்ணிப் பாருங்கள். முதற் பிரதியைப் பெறுகிறவர் பெரும்பாலும் ஒரு வர்த்தகப் பிரமுகர். அவர் கையிலுள்ள உறையின் கனத்துக்கேற்ப மேடையில் அவர் இடம் அமைகிறது. சிறப்புப் பிரதி பெறுவோர் வரிசையும் அவ்வாறே. ஆய்வுரை நிகழ்த்துபவர் அட்டைப் படத்தையும் முன்னுரையையும் பாராட்டி அமர்கிறார். அடுத்த மாதம் அவர் நூல் வெளிவரும்போது இந்நூலாசிரியர் சென்று பாராட்டுகிறார். அச்சுச் செலவை மீட்க வேறு வழியில்லாத எழுத்தாளன்மேல் நான் குறை காணவில்லை. உறை கொடுத்துதவும் பெருமக்கள் இன்றேல் ஈழத்து நூல்கள் பல வெளிவந்திரா. ஆயினும், அம்மண்டபத்தில் உள்ளோருள் நூலைப் படித்தவர் எத்தனை பேர் என்று ஒரு சிறுவன் எழுந்து கேட்டால், நம் விடை என்ன? ஸ்டீமிட்டின் விதி அமெரிக்காவில் எழுதப்பட்டிருக்கலாம். அதன் பழக்கம் நம் மண்டபங்களிலும் இருக்கிறது. அந்த அளவில் அம்மாணவன் கேட்டது நியாயமே.

ஆனால் அவன் ஒன்றை மறந்துவிட்டான். அவன் பிறந்த ஊரிலேயே அவனுக்கான விடை இருக்கிறது. வயல் வேலையில் சிங்கள மக்கள் 'அத்தம்' என்று வழங்கும் முறையை அவன் அறியாதவனல்லன். இன்று நான் உன் வயலில் இறங்குகிறேன். நாளை நீ என் வயலில் இறங்குவாய். கூலி இல்லை. எழுதிய கணக்கும் இல்லை. ஆயினும் எவர் எத்தனை நாள் கடன் என்பதை ஊரே அறியும். இதுவும் கைமாறுதான், வாக்குக்கு வாக்கு என்னும் குழுவும் கைமாறுதான். வேற்றுமை எங்கே? அத்தத்தின் முடிவில் வயல் நடப்பட்டிருக்கும், அல்லது கதிர் அறுக்கப்பட்டிருக்கும். வரப்பில் நின்று "அருமையான வயல்" என்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு எவரும் கடன்பட்டவராகார். வாக்குக் குழுவின் முடிவிலோ எண் ஏறியிருக்கும்; எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கும்.

உண்மையான ஈடுபாட்டுக்கு நான் அறிந்த உரைகல் இதுவே: வாசகன் வந்து சென்ற பின் வயலில் ஏதாவது நடந்திருக்கிறதா? ஒரு வரி ஏன் தளர்கிறது என்று அவன் சொன்னானா? ஒரு சொல் அவ்வூர் வழக்கில் அவ்வாறில்லை என்று மறுத்தானா? படித்திராத ஒருவனால் சொல்ல முடியாத ஒன்றைச் சொன்னானா? அப்படியானால் அவன் ஒருவன் போதும். சி. சு. செல்லப்பா 1959 ஆம் ஆண்டில் 'எழுத்து' ஏட்டைத் தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று வரம்பிட்டுக்கொண்டார். அந்த எண்ணைக்கூட ஏடு எட்டவில்லை. அவ்வேட்டில் நிகழ்ந்த விவாதமின்றித் தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை இன்று எழுத முடியாது. 1966 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தொடங்கி, அதனைத் தாமே சுமந்து சென்று வாசகர் கையில் கொடுத்தார். வாங்கியவரின் முகத்தையும் அவர் சென்ற இதழைப் பற்றிச் சொன்ன குறையையும் அவர் நேரிலேயே அறிந்தார். இருவரும் வாசகரை எண்ணியவரல்லர், அறிந்தவர்.

ஆசிரிய அன்பருக்கு நான் கூறுவது இது. அம்மாணவனைத் தடுக்க வேண்டாம். வாசகர் இல்லாத ஊரில் வாசகரைத் தேடிச் சென்றது குற்றமன்று. ஆனால் இரண்டு செய்திகளை அவனுக்கு எடுத்துரையுங்கள். மெய்ந்நிகர் நாணயங்களில் உள்ள ஆபத்தைப் பற்றி இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. திரையில் தோன்றும் தொகையைக் கையில் வந்த கூலியாக எண்ணி அவன் படிப்பையோ தொழிலையோ கைவிடலாகாது. அடுத்து, பிளாக்செயினில் பதிந்ததைப் பின்னர் அழித்தல் அரிது. இருபது வயதில் அவசரத்தில் எழுதிய வரி நாற்பது வயதிலும் அங்கே நிற்கும். அப்படி நிற்கும் எழுத்தை நாளுக்கு நான்காக எழுதித் தள்ளுவது அறிவுடைமையாகுமா? நாற்பது பேருக்கு இரண்டு சொல் எழுதுவதை விட்டு, ஒருவரின் பதிவைப் படித்துப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். அக்குழுவில் எத்தனை பேர் அவனோடு நிற்கின்றனர் என்பது அப்போது தெரியும். இருவர் நின்றால் அவன் பேறு பெற்றவன். மிளகுக் கொடியைப் பற்றிய அந்தப் பழைய கட்டுரையை, அக்கொடியை நட்டவர்க்கு அவன் வாசித்துக் காட்டட்டும். சிங்களத்தில் சொல்ல நேர்ந்தால் சிங்களத்தில் சொல்லட்டும். அவர்கள் வாக்களிக்க மாட்டார்கள். "கொடி அப்படிப் படராதே, தம்பி" என்பார்கள். எழுத்தாளனுக்கு அதனினும் சிறந்த விமர்சனம் கிடைப்பதரிது.

எஞ்சியது நம் கடமை. இலக்கிய வட்டங்களை நடத்தும் அன்பர்களுக்கும் பாடசாலைத் தமிழ் மன்றங்களின் பொறுப்பாளர்க்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்தில் நூலைப் படித்து வந்தவரை மட்டும் பேச அழையுங்கள். நால்வரே தேறினால் நால்வரே பேசட்டும். பாராட்டுவோர் ஒவ்வொருவரும் நூலிலிருந்து ஒரு பக்கத்தைச் சுட்டிப் பாராட்டட்டும். மறுப்போரும் அவ்வாறே மறுக்கட்டும். இப்பக்கத்துக்கு வரும் வாசகர் கடிதங்களுள்ளும், ஒரு படைப்பின் ஒரு வரியையேனும் எடுத்து வாதிடும் கடிதங்களுக்கே இனி முதலிடம் அளிப்பேன். அவை இப்பக்கத்தைச் சாடுவனவாயினும் சரி. கடிதங்கள் குறையக்கூடும். குறையட்டும், வரும் கடிதங்கள் வயலில் இறங்கியவர் எழுதியவையாக இருக்கும்.